பழைய காருக்கு ஒரு புதிய காது

கொச்சியின் தென்பால் காயலும் கால்வாய்களும் சூழ்ந்த கும்பளங்கியில் கார் என்பது ஆடம்பரம் அன்று, அன்றாடத் தேவை. பெரும்படப்புப் பாலத்தைக் கடந்து பள்ளுருத்திக்கும் மட்டாஞ்சேரிக்கும் வேலைக்குச் சென்று திரும்புவோர், நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து சுற்றுலா விருந்தினரை அழைத்து வரும் வீட்டு விடுதியினர், மீனும் இறாலும் வணிகம் செய்வோர் எனப் பலரும் நம்பியிருப்பது பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைத்த கார்களையே. மாருதி 800, அம்பாசடர் ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2014ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. ஆயினும் அவற்றை வீட்டில் ஒருவரைப் போலப் பேணிவரும் குடும்பங்கள் இன்றும் உள்ளன.

இத்தகைய கார்களின் உரிமையாளர்கள் வாகனக் கடன் குறித்து விசாரிக்க வரும்போது கூறும் காரணங்களுள் ஒன்று எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். “எஞ்சினில் குறையில்லை, ஆனால் கைப்பேசியை இணைக்க வழியில்லை. வழிகாட்டி வரைபடத்தின் குரலைக் கேட்க முடிவதில்லை, பாட்டுக் கேட்க முடிவதில்லை” என்பார்கள். கடன் வழங்குவது எங்கள் தொழில். ஆயினும் இந்த ஒரு காரணத்துக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. அதைவிட முதன்மையான கருத்து ஒன்றும் உண்டு: பழைய காரில் புளூடூத் வசதியைப் பொருத்துங்கள், ஆனால் அதைக் கேட்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள், பேசுவதற்கு வேண்டாம்.

வரவும் செலவும்

முதலில் கணக்கைப் பார்ப்போம். 8 லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் 7 ஆண்டுகளுக்குக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 12,870 ரூபாய் ஆகும். 84 தவணைகள் முடியும்போது வட்டியாக மட்டும் ஏறக்குறைய 2,81,000 ரூபாய் செலுத்தியிருப்போம். குடும்பம் பெருகியதாலோ, பழைய கார் பாதுகாப்பற்றதாகிவிட்டதாலோ புதிய கார் வாங்குவது நியாயமே. ஆனால் கைப்பேசியின் ஒலி காரின் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும் என்பதற்காக இத்தொகையைச் செலவிடுவது, சாளரக் கதவின் கீல் பழுதானதற்காக வீட்டையே மாற்றுவதற்கு ஒப்பாகும். அந்த வசதி சில நூறு ரூபாயிலும், நல்ல கருவியாக வேண்டுமெனில் சில ஆயிரம் ரூபாயிலும் கிடைத்துவிடும்.

எரிக்சன், ஐ.பி.எம்., இன்டெல், நோக்கியா, தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் 1998ஆம் ஆண்டில் கூட்டமைப்பாக ஒன்றிணைந்து வளர்த்த தொழில்நுட்பம் இது. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற மன்னரின் பட்டப்பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1,600 முறை தாவித் தாவி ஒலியைக் கொண்டு செல்லும் முறையை அது கையாண்டது. அருகில் பல கருவிகள் இயங்கினாலும் ஒன்றின் ஒலி மற்றொன்றில் கலக்காதிருப்பதற்கு இத்தாவலே காரணம். இதற்குக் கார் புதியதாக இருக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை; ஒலியைப் பெற ஒரு வாயில் இருந்தால் போதும்.

நான்கு வாயில்கள்

உங்கள் காரின் வானொலிப் பெட்டியில் ‘ஆக்ஸ்’ என்று எழுதப்பட்ட சிறு வட்டத் துளை இருந்தால் அதுவே மிகச் சிறந்த வாயில். 3.5 மில்லிமீட்டர் முனையுடைய சிறு புளூடூத் ஏற்பியை அதில் செருகினால் தெளிவான ஒலி கிடைக்கும். ஏற்பியையும் கைப்பேசியையும் காரின் மின்செருகியிலிருந்தே ஊட்டும்போது எஞ்சினின் வேகத்துக்கேற்ப ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கலாம். அதை நீக்கும் சிறு தடுப்பான் கருவியும் கடைகளில் உண்டு.

ஆக்ஸ் துளை இல்லாத கார்களுக்குப் பண்பலை ஒலிபரப்பி ஏற்றது. சிகரெட் பற்றவைக்கும் செருகியில் பொருத்தப்படும் இக்கருவி, கைப்பேசியின் ஒலியை ஒரு பண்பலை அலைவரிசையில் மெல்லியதாக ஒலிபரப்பும். காரின் வானொலி அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கொச்சி போன்ற நகரில் பண்பலை நிலையங்கள் நெருக்கமாக உள்ளன. கும்பளங்கியில் காலியாக இருந்த அலைவரிசையை, பாலக்காடு கடந்து கோயம்புத்தூர் நெருங்கும்போது ஏதேனும் ஒரு நிலையம் பிடித்துக்கொண்டிருக்கலாம். அப்போது ஓட்டிக்கொண்டே பொத்தானைத் திருகுவது ஆபத்தாகும். அலைவரிசையை மாற்ற வண்டியை நிறுத்தியாக வேண்டும். ஒலிநாடாப் பெட்டி மட்டுமே உள்ள மிகப் பழைய கார்களுக்கு, ஒலிநாடாவின் வடிவிலேயே செய்யப்பட்ட புளூடூத் தகவியும் இருக்கிறது.

நான்காவது வழி, வானொலிப் பெட்டியையே மாற்றுவது. பழைய கார்கள் பலவற்றில் ஏறத்தாழ 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட ஒற்றை டின் இடம் இருப்பதால், புளூடூத் உள்ள புதிய பெட்டி எளிதில் அமரும். இங்கே கவனிக்க வேண்டியது இணைப்புக் கம்பிகளை. இப்பெட்டிகளில் பொதுவாக மஞ்சள் கம்பி எப்போதும் மின்சாரம் பெறுவது, சிவப்புக் கம்பி சாவியைத் திருப்பினால் மட்டும் பெறுவது, கறுப்பு, தரையிணைப்பு. மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிவிட்டால், சாவியை எடுத்த பின்னரும் பெட்டி விழித்தேயிருந்து பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். காரின் மூலக் கம்பிகளை வெட்டாமல், உங்கள் கார் வகைக்குரிய கப்ளரைக் கொண்டு இணைக்குமாறும், உரிய ஃபியூஸ் இடுமாறும் கேளுங்கள். உப்புக்காற்று வீசும் காயலோர ஊர்களில், நாடா மட்டும் சுற்றிய கம்பி முடிச்சு விரைவில் பச்சை பூத்துப் பழுதாகும். அங்கிருந்து தீப்பொறி எழுந்தால் இழப்பு கருவியோடு நிற்காது.

காப்பீடு குறித்தும் ஒரு சொல். தயாரிப்பாளர் பொருத்தாத மின்னணுக் கருவி, உங்கள் பாலிசியில் தானாகவே சேர்ந்துவிடுவதில்லை. அதன் மதிப்பை அறிவித்து, வழக்கமாக அம்மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் செலுத்தினால்தான் அதற்கு இழப்பீடு கோர இயலும். 10,000 ரூபாய்க் கருவிக்கு 400 ரூபாய். பழைய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருப்போருக்கு, கருவிக்கும் இழப்பீடு இல்லை; தீப்பற்றினால் காருக்கும் இல்லை. மலிவான வேலையாளைத் தேடுமுன் இதை எண்ணிப் பார்ப்பது நன்று.

கேட்பது வேறு, பேசுவது வேறு

கருவியைப் பொருத்தியாயிற்று. இனிதான் உண்மையான வினா எழுகிறது. கைகள் இரண்டும் ஸ்டியரிங்கில் இருக்கும்போது தொலைபேசியில் பேசினால் என்ன தவறு?

இவ்வினாவைச் சட்டம் பெரும்பாலும் கையின் வழியாகவே அணுகியிருக்கிறது. 2018 மே மாதத்தில் கேரள உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று இங்கு நினைவுகூரத்தக்கது. பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்காத வரையில், வாகனம் ஓட்டும்போது கைப்பேசியில் பேசியதற்காக மட்டும் கேரளக் காவல் சட்டத்தின் 118(இ) பிரிவின்கீழ் வழக்குத் தொடர முடியாது என்று அத்தீர்ப்பு கூறியது. அடுத்த ஆண்டே மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. கையடக்கத் தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவது, 184ஆம் பிரிவின்கீழ் ஆபத்தான ஓட்டுதலாகச் சேர்க்கப்பட்டது. முதன்முறைக் குற்றத்துக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்; சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், அக்கருவியை வழிகாட்டுதலுக்கு மட்டும், ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்றது. 2023 ஜூன் 5 முதல் கேரளச் சாலைகளில் 726 கேமராக்களின் துணையுடன் அபராதம் விதிக்கும் முறை தொடங்கியபோது, தலைக்கவசமின்மை, இருக்கைப் பட்டையின்மை ஆகியவற்றோடு கையில் கைப்பேசி வைத்திருப்பதும் அதன் கண்ணில் பட்டது.

கேமராவின் கண்ணுக்குக் கை தெரியும், மனம் தெரியாது. அபராதத்துக்கு அஞ்சிக் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் புளூடூத்தில் பேசத் தொடங்குபவர், தாம் பாதுகாப்பான நிலைக்கு வந்துவிட்டதாக நம்புகிறார். அந்த நம்பிக்கையைத்தான் நான் கேள்விக்குட்படுத்துகிறேன்.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக உளவியல் அறிஞர்களான டேவிட் ஸ்ட்ரேயர், வில்லியம் ஜான்ஸ்டன் ஆகியோர் 2001ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஓட்டுதலைப் போன்ற ஒரு பணியில் ஈடுபட்டவர்கள், தொலைபேசியில் உரையாடியபோது சைகை விளக்குகளைத் தவறவிட்டது இரு மடங்கானது. கவனித்த விளக்குகளுக்கும் தாமதமாகவே எதிர்வினை புரிந்தனர். கருவியைக் கையில் பிடித்துப் பேசியவர்களுக்கும் கை படாமல் பேசியவர்களுக்கும் இதில் வேறுபாடு காணப்படவில்லை. அதே ஆய்வின் மற்றொரு முடிவு நமக்கு இன்னும் பயனுள்ளது: வானொலியையோ ஒலிப்புத்தகத்தையோ கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம் இத்தகைய குறைபாடு தென்படவில்லை.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? பாட்டு நம்மிடம் விடையை எதிர்பார்ப்பதில்லை. எதிரே ஒரு மிதிவண்டி குறுக்கிட்டால் அக்கணமே பாட்டைக் காது விட்டுவிடும், பாட்டு வருந்தாது. தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவரோ விடைக்காகக் காத்திருக்கிறார். நம் மனம் சொற்களைத் தேடுகிறது. அவர் முகம் கற்பனையில் எழுகிறது. கண்முன் உள்ள சாலை மங்குகிறது. அருகிலமர்ந்து பேசுபவரோடு இதை ஒப்பிடக்கூடாதா என்று கேட்கலாம். அவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வளைவு வந்தால் பேச்சை நிறுத்துகிறார். “லாரி வருகிறது, பாருங்கள்” என்கிறார். பயணியுடன் பேசுவதும் தொலைபேசியில் பேசுவதும் ஒன்றல்ல என்பதை 2008ஆம் ஆண்டில் ஸ்ட்ரேயரும் உடன் ஆய்வாளர்களும் காட்டியுள்ளனர்.

நம் ஊர்ச் சாலைகளில் இதன் பொருள் என்ன? மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. மூன்று நொடிகளில் 33 மீட்டர். ஒருபுறம் வீட்டு வாயில்களும் மறுபுறம் நீர்நிலையுமாக உள்ள குறுகிய சாலையில், 33 மீட்டர் தொலைவுக்குள் ஒரு குழந்தையும், ஓர் ஆட்டோவும், மீன் கூடையுடன் ஒரு ஸ்கூட்டரும் எதிர்ப்படக்கூடும். புதிய கார்கள் சிலவற்றிலுள்ள தானியங்கித் தடை போன்ற பாதுகாப்பு ஏற்பாடுகள் பழைய காரில் இல்லை. பலவற்றில் ஏ.பி.எஸ்., காற்றுப்பை ஆகியவையும் இல்லை. ஆகவே பழைய காரை ஓட்டுபவருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அவருடைய கவனம். அதைப் பங்கிட்டுக் கொடுக்க இடமில்லை.

வழிகாட்டும் குரலைக் கேட்பது திரையைக் குனிந்து பார்ப்பதைவிட நல்லது. பழைய காருக்கு இவ்வசதி தேவை என்பதற்கு முதன்மையான காரணமும் அதுவே. எனினும் அக்குரலுக்கும் எல்லை உண்டு. 2023 அக்டோபர் 1 அன்று, எர்ணாகுளம் மாவட்டத்தில் வடக்குப் பறவூரை அடுத்த கோதுருத்துப் பகுதியில், கடும் மழையில் நள்ளிரவு கடந்த வேளையில் ஒரு கார் ஆற்றுக்குள் பாய்ந்தது. இளம் மருத்துவர்கள் இருவர் உயிரிழந்தனர். வழிகாட்டிச் செயலியைப் பின்பற்றி வந்தபோது நேர்ந்ததாக அப்போது செய்திகள் கூறின. நீரும் நிலமும் கைகோத்துக் கிடக்கும் எங்கள் பகுதியில் இதை மறக்க முடியாது. குரல் யோசனை கூறும், முடிவு கண்ணுடையது.

ஒரு சிறு அமைப்பு மாற்றம்

கேட்கும் வசதியை வைத்துக்கொண்டு பேசும் வசதியை மட்டும் நீக்க முடியுமா? முடியும், அதற்குச் செலவும் இல்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் புளூடூத் அமைப்புக்குச் சென்று, இணைத்துள்ள கருவியின் பெயரருகே உள்ள குறியைத் தொட்டால், அழைப்புகள், ஊடக ஒலி, தொடர்புகளைப் பகிர்தல் எனத் தனித்தனித் தெரிவுகள் பெரும்பாலும் தோன்றும். ஊடக ஒலியை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை அணைத்துவிடுங்கள். பாட்டும் வழிகாட்டிக் குரலும் காரில் ஒலிக்கும். அழைப்பு காருக்குள் புகாது. ஐபோன் வைத்திருப்போர், ஓட்டும்போது அறிவிப்புகளை அடக்கிவைக்கும் அமைப்பைக் காரின் புளூடூத் இணைந்தவுடன் தானே இயங்குமாறு செய்யலாம். “ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்” என்ற பதிலையும் அதுவே அனுப்பிவிடும்.

இதே அமைப்பு உங்கள் வங்கிக் கணக்குக்கும் காவலாகிறது. தொடர்புகளைப் பகிர அனுமதித்தால் உங்கள் தொலைபேசி எண்கள் பலவும் காரின் பெட்டியில் படிந்துவிடலாம். வாடகைக் காரை ஒப்படைக்கும் முன்பும், பழைய காரை விற்கும் முன்பும் அப்பெட்டியிலிருந்து உங்கள் கைப்பேசியின் பெயரை நீக்குங்கள். உங்கள் கைப்பேசியிலிருந்தும் அதன் பெயரை நீக்குங்கள். குறுஞ்செய்திகளைக் குரலாக வாசிக்கும் வசதியை இயக்கியிருந்தால், ஓ.டி.பி. எனும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் காரிலுள்ள அனைவரின் காதிலும் விழக்கூடும். அவ்வசதியை அணைத்துவைப்பதே நல்லது.

மோசடி அழைப்புகளின் கோணத்திலும் பாருங்கள். வங்கிகளின் சேவை, பரிவர்த்தனை சார்ந்த அழைப்புகள் 1600 எனத் தொடங்கும் எண்களிலிருந்தும், விளம்பர அழைப்புகள் 140 எனத் தொடங்கும் எண்களிலிருந்தும் மட்டுமே வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வங்கிகளை அறிவுறுத்தியது. எண்ணைப் பார்த்தே ஓரளவு எச்சரிக்கையாகலாம் என்பது இதன் பயன். ஆனால் சாலையில் கண் வைத்து, காதால் மட்டும் அழைப்பை ஏற்பவர் எண்ணைப் பார்ப்பதில்லை. “உங்கள் கணக்கு முடக்கப்படுகிறது” என்ற அச்சுறுத்தல் ஒலிபெருக்கியில் உரத்து ஒலிக்கிறது. பாதி மனம் சாலையிலும் பாதி மனம் பணத்திலுமாக இருப்பவரிடமிருந்து விவரங்களைக் கறப்பது எளிது. அவசரப்படுத்துவதே மோசடிக்காரரின் மூலதனம். வண்டியை நிறுத்தும் வரை அழைப்பை ஏற்காதிருப்பவரிடம் அம்மூலதனம் செல்லாது. ஏமாற்றப்பட்டதாக ஐயம் எழுந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். அதையும் வண்டியை நிறுத்திவிட்டே செய்யுங்கள்.

அழைப்பு காத்திருக்கும்

இக்கருத்துக்கு நியாயமான மறுப்பும் உண்டு. வாடகைக் கார் ஓட்டுநருக்கும், விருந்தினரை அழைத்துவரும் விடுதிக்காரருக்கும், விடியற்காலையில் மீன் விலை பேசும் வணிகருக்கும் தொலைபேசியே பிழைப்பு. தவறவிட்ட ஓர் அழைப்பு, தவறிப்போன ஒரு வருமானம். ஓட்டும்போது பேசாதே என்று மாதச் சம்பளம் வாங்குபவர் சொல்வது எளிது என்று அவர்கள் கூறினால், அதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆயினும் பெரும்பாலான அழைப்புகள் பத்து நிமிடம் காத்திருக்கக் கூடியவை. புறப்படும் முன் விருந்தினருக்கு இருக்குமிடத்தைப் பகிர்ந்துவிட்டால் பாதி அழைப்புகள் குறையும். உடன் வருபவர் இருந்தால் அவர் பேசலாம். எவரும் இல்லாதபோது, பாலம் ஏறுமுன் அகலமான ஓரத்தில் வண்டியை நிறுத்திப் பேசலாம். தொழிலின் கணக்கேட்டில் ஓர் அழைப்பின் இழப்பை ஒரு வரியில் எழுதிவிடலாம். ஒரு விபத்தின் இழப்பை எழுத எந்த ஏட்டிலும் தலைப்பு இல்லை; அதைப் பல ஆண்டுகள் குடும்பமே சுமக்கிறது. சம்பாதிப்பவரை இழந்த வீட்டின் கடன் கணக்கைக் கையாண்ட எந்த வங்கி அலுவலரும் இதை அறிவார்.

பொறுப்பு ஓட்டுபவருக்கு மட்டும் உரியதன்று, அழைப்பவருக்கும் உரியது. எங்களைப் போன்ற வங்கி ஊழியர்களையும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். தவணை நினைவூட்டலோ, ஆவணம் கேட்பதோ, புதிய திட்டம் பற்றிய தகவலோ, எதுவாயினும் ஒருவர் வண்டியை நிறுத்தும் வரை காத்திருக்க இயலாத அளவுக்கு அவசரமானதன்று. “இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா?” என்பதே எங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும், “ஆம்” என்ற விடை வந்தால் “பிறகு அழைக்கிறோம்” என்பதே எங்கள் கடைசிச் சொல்லாகவும் இருக்க வேண்டும். வீட்டிலுள்ளவர்களும் இதைப் பழகலாம். வெளியே சென்றவர் அழைப்பை எடுக்கவில்லையெனில், கவனமாக வந்துகொண்டிருக்கிறார் என்று பொருள் கொள்ளப் பழகுவோம்.

பழைய காரை மதிப்போடு வைத்திருப்பது சிக்கனத்துக்கு அழகு. அதற்குச் சில நூறு ரூபாயில் கேட்கும் ஆற்றலை அளிப்பதும் அழகே. இந்த வாரமே கருவியைப் பொருத்துங்கள். பொருத்திய அன்றே அழைப்புக்கான தெரிவை அணைத்துவிடுங்கள். வழியெல்லாம் பாட்டு ஒலிக்கட்டும். பேச வேண்டியதை வீடு வந்து சேர்ந்து பேசிக்கொள்ளலாம்.